கணக்கேடும் நாட்குறிப்பும்

மனிதச் சுவடு படாத நிலம் என்று ஒன்றை நமக்குக் காட்டும்போது, அந்தச் சுவடு எப்போது துடைக்கப்பட்டது என்று கேட்டுவைப்பது நல்லது. லாப்ரடார் தீபகற்பத்தின் வடமுனையில் கனடாவின் டோர்ன்காட் மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. 9,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் போக முடியும். மரங்களின் எல்லை தெற்கிலேயே முடிந்துவிடுகிறது. இங்கே பாசியும் புல்லும் தரையோடு தரையாகப் படர்ந்த குறுஞ்செடிகளுமே. கடல் மலைகளுக்கிடையே நீண்ட விரல்களாக உள்ளே நுழைந்து கிடக்கிறது. ஸாக்லெக் பக்கத்துப் பாறைகளில் சில 370 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பூமியில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பாறைகளோடு அவை சேர்த்து எண்ணப்படுகின்றன. பனிக்கரடி, கரிபூ மான், ஓநாய், நரி, சீல், ஆர்க்டிக் சார் மீன். பூங்காவின் எல்லைக்குள் இன்று நிரந்தரமாகக் குடியிருக்கும் கிராமம் ஒன்றுகூட இல்லை.

புகைப்படக்காரர்களுக்கு இது போதும். ஆனால் சரித்திரம் தெரிந்தவனுக்கு இந்த வெறுமை இயற்கையானதாகப் படாது. இந்தக் கரையில் மனிதர்கள் ஏழாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்திருக்கிறார்கள். ராமா வளைகுடாவில் மட்டுமே கிடைக்கும், பனிக்கட்டி போல அரை ஒளி ஊடுருவும் ஒரு வகைக் கல்லை வெட்டியெடுத்துக் கருவி செய்தார்கள். அந்தக் கல் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிக் கைமாறித் தெற்கே மெய்ன் வரை போயிருக்கிறது. ஹெப்ரானுக்கு அருகில் நூலியாக் என்னுமிடத்தில் நூறு மீட்டர் வரை நீண்ட வீடுகளின் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. பிறகு வேறு மக்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு, இன்றைய இனுயிட்டுகளின் முன்னோர். யாருமில்லாத நிலம் என்ற நிலை இங்கே மிகச் சமீபத்தியது. அதற்கு ஆண்டுக் கணக்குகூட உண்டு. அந்த ஆண்டுகள் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன என்பதும், அந்த எழுத்து இரண்டு வகையாக இருக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் விஷயம். ஒன்று கணக்கேடு. மற்றது நாட்குறிப்பு.

1

எழுத்து இந்தக் கரைக்கு மொராவியன் சபையாரோடு வந்தது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், ஸின்ஸன்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் மறுபிறவி எடுத்த சபை இது. சிறிய சபை, உலகத்தின் மிகக் கடினமான மூலைகளையே தேடிப் போனது. 1760இல் இதே சபையார் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஒரு தோட்டம் அமைத்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலில் இறந்தார்கள். ஏற்கனவே அங்கே இருந்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. கைத்தொழிலும் வியாபாரமும் செய்து பிழைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே வந்தவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஹைனே, பிறகு சென்னை அரசாங்கத்தின் தாவரவியலாளராகத் தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்தார் என்பதைத் தவிர, நம் சரித்திரத்தில் அவர்களுடைய தடம் மெலிது. லாப்ரடாரில் நடந்தது வேறு. அங்கே அவர்கள் ஒரு மக்கள் கூட்டத்தின் மொத்த வாழ்வையும் எழுதிவைத்தார்கள்.

முதல் முயற்சி 1752இல். தலைமை தாங்கிய எர்ஹார்ட்டும் உடன் சென்ற ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். 1764இல் யென்ஸ் ஹாவென் என்ற தச்சர் போனார். கிரீன்லாந்தில் பணியாற்றியவர். கரையில் நின்ற இனுயிட்டுகளிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினார். கிரீன்லாந்து மொழியும் லாப்ரடார் மொழியும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். வெள்ளைக்காரன் வாயிலிருந்து தங்கள் மொழி வந்ததே அவர் உயிர் தப்பக் காரணமாயிருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் இதில் அக்கறை இருந்தது. தெற்கு லாப்ரடாரின் மீன்பிடித் துறைகளில் ஐரோப்பியருக்கும் இனுயிட்டுகளுக்கும் ஓயாத மோதல். இனுயிட்டுகளை வடக்கிலேயே நிறுத்திவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. 1769இல் நூறாயிரம் ஏக்கர் நிலம் சபைக்கு வழங்கப்பட்டது. வழங்கியவருக்கு அது சொந்தமா என்று யாரும் கேட்கவில்லை. 1771இல் நெய்ன், 1776இல் ஓகாக், 1782இல் ஹோப்டேல், 1830இல் ஹெப்ரான், 1871இல் ராமா. பெயர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் விவிலியத்து ஊர்கள். பாலஸ்தீனத்தின் வரைபடம் பனியின் மேல் விரிக்கப்பட்டது.

ஹெப்ரானின் மிஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. மரத்தாலான நீண்ட கட்டடம். ஜெபவீடு, பாதிரிகளின் குடியிருப்பு, கடை ஆகியவை ஒரே வரிசையில், மூடிய நடைவழிகளால் இணைக்கப்பட்டவை. கடும் குளிருக்காக அப்படிக் கட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அமைப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறது. ஜெபத்திலிருந்து கடைக்குப் போக வெளியே வர வேண்டியதில்லை.

லண்டனிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ‘ஹார்மனி’ என்ற கப்பல் வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல கப்பல்களுக்கு அதே பெயர். மாவு, துப்பாக்கி, மருந்து, துணி, தபால் எல்லாம் அதில் வரும். சீல் எண்ணெய், நரித்தோல், காட் மீன், சார் மீன் அதில் போகும். வேட்டைக்காரனுக்கு முன்கூட்டியே பொருள் கடன். வேட்டையாடிக் கொண்டுவந்து கழிக்க வேண்டும். ஏட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். இதன் விளைவு என்ன என்பதைச் சுலபமாகக் கடந்துவிடக் கூடாது. கொன்ற சீலைப் பங்கிட்டுக்கொள்வது இந்த மக்களின் வழக்கம். மாமிசம் பங்கிடப்படும், கடன் பங்கிடப்படாது. கடன் தனி மனிதனின் பெயரில் நிற்கும். சீல் வயிற்றுக்கு, நரி ஏட்டுக்கு. குளிர்காலத்தில் நரிப்பொறியைப் பார்க்கப் போனவன் பனிவிளிம்பில் சீலுக்காகக் காத்திருக்க முடியாது. பாதிரிகளில் நல்லவர்கள் உண்டு, பஞ்ச காலத்தில் கடனைப் பாராமல் உணவு கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் தனிமனிதன் என்ற பிரக்ஞை இந்தக் கரைக்குப் பிரசங்கத்தின் மூலம் மட்டும் வரவில்லை. கணக்கேட்டின் மூலமும் வந்தது. அது வலுவாக வேரூன்றியதற்கு இதுவே காரணம் எனலாம்.

2

இந்தக் கணக்கேடுகளுக்கு யாரும் எதிர்பாராத ஒரு மறுபிறவி கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் எல்டன் என்ற உயிரியலாளர், விலங்குகளின் எண்ணிக்கை ஏன் ஏறி ஏறி இறங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். காட்டில் போய் நரிகளை எண்ண முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன்னாலிருந்த நரிகளை எண்ணவே முடியாது. ஆனால் வியாபாரி எண்ணியிருந்தான். 1834 முதல் 1925 வரை மொராவியன் மிஷன்கள் வாங்கிய நரித்தோல்களின் கணக்கை எடுத்து எல்டன் வரைபடமாக்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிகரம், பிறகு பள்ளம், மறுபடி சிகரம். நரியின் அலைக்குப் பின்னால் வோல், லெம்மிங் என்னும் சிற்றெலிகளின் அலை. எலிகள் பெருகினால் நரி பெருகும். எலிகள் மடிந்தால் நரி பட்டினி. 1942இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகம் நவீனச் சூழலியலின் அடித்தளங்களுள் ஒன்று.

இதை வாசிக்கும்போது ஒரு சங்கடம் எழுகிறது. அந்த அலைக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதன் கடன் கழிக்கக் கொண்டுவந்த தோல்களால் ஆனது. நரிகள் பள்ளத்தில் இருந்த ஆண்டில் அவனும் பள்ளத்தில் இருந்தான். ஆனால் விஞ்ஞானத்தின் கோட்டில் நரி மட்டுமே மிஞ்சியது, மனிதன் கரைந்துபோனான். எல்டனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அந்த ஏடு நேர்மையாகவே பதில் சொன்னது. ஏட்டின் இயல்பு அது. எதை எண்ணினால் லாபமோ அதை மட்டும் எண்ணும். பிற்பாடு யார் எடுத்து வாசித்தாலும் அதையே சொல்லும்.

ஏடு ஒரு விலங்கின் இருப்பையே சந்தேகத்திலிருந்து மீட்டதும் உண்டு. லாப்ரடாரில் கிரிஸ்லிக் கரடி இருந்ததா என்பது வெகுகாலம் விவாதமாக இருந்தது. இனுயிட்டுகளும் அவர்களுக்குத் தெற்கே உள்ள இன்னு மக்களும் இருந்தது என்றார்கள். தோல் வியாபாரக் கணக்குகளில் அந்தப் பெயர் இருந்தது. எல்டனே அதை ஆதரித்து எழுதினார். விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. கறுப்புக் கரடியின் நிறபேதமாக இருக்கும் என்றார்கள். 1975இல் ஓகாக்கில் ஒரு பழைய இனுயிட் குடியிருப்பின் குப்பைமேட்டைத் தோண்டியபோது கிரிஸ்லியின் மண்டையோடு கிடைத்தது. வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் எலும்பை நம்பினார்கள். அதற்குள் கரடி அழிந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன.

அதன் இடம் இன்று காலியாக இல்லை. டோர்ன்காட்டில் கறுப்புக் கரடிகள் மரமற்ற வெளியிலேயே பிறந்து வாழ்ந்து இறக்கின்றன. கறுப்புக் கரடி காட்டு விலங்கு. ஆபத்து வந்தால் மரத்தில் ஏறும். மரமே இல்லாத நிலத்தில் முழுக்க வாழும் கறுப்புக் கரடிகள் என்று அறியப்பட்டவை இவை மட்டுமே. கிரிஸ்லி போன பிறகு அந்த வெற்றிடத்தை நோக்கி வடக்கே நகர்ந்தன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிற்றெலிகளைத் தோண்டித் தின்கின்றன, கரிபூவைக் கொல்கின்றன. அதாவது கிரிஸ்லி செய்த வேலையைச் செய்கின்றன. ஆக, இந்த நிலத்தின் விலங்குகள்கூடச் சரித்திரத்துக்கு வெளியே இல்லை. பார்வையாளன் ஆதி இயற்கை என்று படமெடுக்கும் கரடி, ஒரு மறைவுக்குப் பிறகு குடியேறியது.

3

பாதிரிகள் எழுத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளவில்லை. இது அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை. இனுயிட் மொழியை ரோமன் எழுத்தில் எழுதி, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கற்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்தக் கரையில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். வயலினும் பித்தளை வாத்தியங்களும் வந்தன. எண்களும் கிழமைகளும் ஜெர்மன் மொழியிலிருந்து புகுந்தன. உருளைக்கிழங்குக்கு இன்றும் லாப்ரடார் இனுயிட் மொழியில் ‘கார்டுபாலாக்’ என்றே பெயர். எழுதத் தெரிந்தவன் வேதத்தை வாசிப்பான் என்பது எதிர்பார்ப்பு. தன்னையே எழுதுவான் என்பதை யாரும் திட்டமிடவில்லை.

1880 ஆகஸ்டில் யோஹான் அட்ரியன் யாகோப்ஸன் என்ற நார்வேக்காரர் ஒரு கப்பலில் ஹெப்ரானுக்கு வந்தார். ஹாம்பர்கின் மிருக வியாபாரி கார்ல் ஹேகன்பெக்கின் ஏஜெண்டு. சிங்கத்தையும் யானையையும் வாங்கி விற்ற ஹேகன்பெக், சில ஆண்டுகளாக மனிதர்களையும் வேலிக்குள் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். மிஷனரிகள் எதிர்த்தார்கள், போக வேண்டாம் என்றார்கள். ஆப்ரகாம் போகச் சம்மதித்தார். வயது முப்பத்தைந்து. வயலின் வாசிப்பார், படம் வரைவார். மனைவி உல்ரிக்கே, மகள்கள் சாரா, மரியா, மருமகன் முறையான இளைஞர் டோபியாஸ். ஆப்ரகாம் உல்ரிகாப் என்று அவரை இன்று குறிப்பிடுகிறோம். உல்ரிகாப் என்றால் உல்ரிக்கேயின், அவ்வளவே. உல்ரிக்கேயின் ஆப்ரகாம். போனதற்கு ஐரோப்பாவைப் பார்க்கும் ஆசை ஒரு காரணம். மிஷன் கடையில் நின்ற கடன் இன்னொன்று. இங்கே கணக்கேடும் நாட்குறிப்பும் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே தொகை நிற்காதிருந்தால், இந்தப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்குமா என்று தெரியாது.

இவர்களோடு ஞானஸ்நானம் பெறாத இன்னொரு குடும்பமும் சேர்ந்தது. இன்றைய பூங்காவுக்குள் இருக்கும் நாக்வாக் கடற்கழியைச் சேர்ந்தவர்கள்: டெர்ரியானியாக், மனைவி பாயிங்கு, மகள் நொகசாக். எட்டுப் பேர்.

ஹாம்பர்க், பெர்லின், பிராக், பிராங்ஃபர்ட், டார்ம்ஷ்டாட், கிரேஃபெல்ட், பாரிஸ். மிருகக்காட்சிசாலைகளில் குடிசை கட்டி, தோலாடை அணிந்து, படகோட்டிக் காட்டினார்கள். பெர்லினில் கூட்டம் வேலியை முட்டியது. பேரறிஞரான ருடால்ஃப் விர்ஷோ அவர்களுடைய தலைகளை அளந்தார். அளவுகோலைக் கண்டு பாயிங்கு பீதியில் சுவரோரம் தாவித் திமிறியதை அவர் அறிவியல் குறிப்பாகவே பதிவு செய்தார். அதே நாட்களில் ஆப்ரகாமும் பதிவு செய்துகொண்டிருந்தார். இனுயிட் மொழியில், தனக்காக, ஒருவேளை திரும்பிப் போனபின் ஹெப்ரானில் வாசித்துக் காட்டுவதற்காக.

நாட்குறிப்பு நீளமானதல்ல. வீட்டுக்கு ஏங்குகிறார். இரைச்சலும் கூட்டமும் தாங்க முடியவில்லை. தங்கள் குடிசைக்குள் ஜனம் புகுந்துவிட்டபோது சாட்டையையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு பயங்கரமாக நடித்து விரட்டியதை எழுதுகிறார். காட்டுமிராண்டியைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் ஒரு காட்டுமிராண்டியை நடித்துக் காட்டினார், தன் குடும்பத்துக்குச் சற்று அமைதி வேண்டி. அதை நடிப்பு என்று தெரிந்தே எழுதினார். டோபியாஸை யாகோப்ஸன் நாய்ச்சாட்டையால் அடித்ததை எழுதுகிறார். பெர்லினில் இருந்த மொராவியன் சபையாரின் ஜெபக் கூட்டத்தில் கிடைத்த ஆறுதலை எழுதுகிறார். தன்னை இங்கே கொண்டுவந்தது தன் முடிவுதான் என்பதையும் ஒளிக்கவில்லை. எளிய வாக்கியங்கள். விர்ஷோவின் குறிப்பில் பார்க்கப்படுகிறவன், இங்கே பார்க்கிறவன். இந்த இடமாற்றம்தான் அந்தச் சில பக்கங்களின் கனம்.

யாரும் அவர்களுக்கு அம்மை குத்தவில்லை. டிசம்பர் 14 அன்று டார்ம்ஷ்டாட்டில் நொகசாக் இறந்தாள், பதினைந்து வயது. 27ஆம் தேதி கிரேஃபெல்டில் பாயிங்கு. மூன்றரை வயது சாராவை அங்கே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பெற்றோர் பாரிஸுக்கு ரயிலேற வேண்டியிருந்தது. குழந்தை தனியே இறந்தது. பாரிஸில்தான் அம்மை குத்தினார்கள், 1881 ஜனவரி முதல் தேதி. காலம் கடந்துவிட்டது. ஜனவரி 16க்குள் குழந்தை மரியா, டோபியாஸ், டெர்ரியானியாக், ஆப்ரகாம், கடைசியாக உல்ரிக்கே, எல்லோரும் போய்விட்டார்கள்.

நாட்குறிப்பு ஹெப்ரானுக்குத் திரும்பியது. கிரெட்ஷ்மர் என்ற மிஷனரி அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மூலம் தொலைந்தது, மொழிபெயர்ப்பு பிழைத்தது. 1980இல் ஜேம்ஸ் கார்த் டெய்லர் என்ற மானிடவியலாளர் பென்சில்வேனியாவில் மொராவியன் ஆவணக்காப்பகத்தில் அதைக் கண்டெடுத்தார். 2005இல் முழுதும் ஆங்கிலத்தில் புத்தகமாயிற்று. ஆக நாம் வாசிப்பது ஆப்ரகாமின் சொற்கள் அல்ல. அவருடைய கண்கள் மட்டுமே. பிறகு பிரான்ஸ் ரிவே என்ற கனடியப் பெண்மணி பாரிஸில் தேடிப்போனார். அங்கே இறந்த ஐவரின் எலும்புக்கூடுகளும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் பத்திரமாக இருந்தன. அவர் 2014இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அருங்காட்சியகமும் ஒரு வகைக் கணக்கேடுதான்.

4

1918 அக்டோபரின் கடைசியில் ‘ஹார்மனி’ ஹெப்ரானில் நங்கூரமிட்டது. வழக்கமான சரக்கோடு விஷக்காய்ச்சலும் வந்தது. முதல் உலகப் போரின் முடிவில் உலகத்தையே அடித்த அதே காய்ச்சல். அங்கிருந்து கப்பல் ஓகாக் போனது. ஹெப்ரான் குடியிருப்பில் அப்போது இருந்த சுமார் நூறு பேரில் 86 பேர் மாண்டார்கள். ஓகாக்கில் 263 பேரில் 204 பேர். வேட்டை முகாம்களுக்குப் போயிருந்தவர்கள் அங்கங்கே வீடுகளுக்குள் உறைந்து கிடந்தார்கள். பசித்த நாய்கள் உள்ளே புகுந்தன. மிஞ்சியவர்கள் ஓகாக்கின் வீடுகளை எரித்துவிட்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். ராமா 1908இலேயே மூடப்பட்டிருந்தது. வடக்கு மெல்ல மெல்லக் காலியானது.

1926இல் சபை தன் வியாபாரத்தை ஹட்சன் பே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. பின்னால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1950களில் ஸாக்லெக்கின் மலையுச்சியில் பனிப்போருக்கான ரேடார் நிலையம் எழுந்தது. அது மூடப்பட்ட பிறகும் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் மண்ணில் தங்கிக் கடலில் கசிந்தது. 1990களின் இறுதியில் சுத்திகரிப்பு நடந்தபோது, கரையோர மீன்களிலும் அவற்றைத் தின்னும் கடற்பறவைகளிலும் அது ஏறியிருந்தது தெரிந்தது. சுவடு படாத நிலம்.

கடைசி வெளியேற்றம் அரசாங்கக் கோப்பில் நடந்தது. தூர ஊர்களுக்குப் பொருள் அனுப்புவது செலவு, மருத்துவ வசதி இல்லை, விறகு இல்லை, காசநோய் பரவுகிறது. ஒவ்வொரு காரணத்திலும் ஓரளவு உண்மை உண்டு. 1956இல் ஓகாக் பகுதியிலிருந்த நூட்டாக் மூடப்பட்டது. 1959இல் ஹெப்ரான். ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள் ஜெபவீட்டில் கூடியிருந்தவர்களிடம் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜெபவீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவர்களுக்குப் பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. பேசவில்லை. அந்த மௌனம் சம்மதமாகக் கணக்கில் எழுதப்பட்டது.

ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தெற்கே நெய்ன், ஹோப்டேல், மாக்கோவிக் என்று பிரித்து அனுப்பப்பட்டன. போன இடத்தில் வீடுகள் தயாராக இல்லை. பிறகு கட்டியவை ஊரின் ஓரத்தில் தனியாக நின்றன. சீல் எங்கே வரும், சார் மீன் எந்த ஆற்றில் ஏறும் என்பது அந்தந்த ஊர்க்காரர்களின் சொத்து; வந்தவர்களுக்குத் தெரியாது. வேட்டைக்காரன் என்றால் வேட்டையாடத் தெரிந்தவன் மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட கரையைத் தெரிந்தவன். கரை மாறினால் அவனுடைய அறிவு மதிப்பிழந்த நாணயம். வறுமை, குடி, அகால மரணம் என்று ஒரு தலைமுறையே சிதைந்தது. நமது இலக்கணக்காரர்கள் கருப்பொருள் என்ற ஒரே வரிசையில் தெய்வத்தையும் மக்களையும் விலங்கையும் தொழிலையும் வைத்தார்கள். அந்த வரிசையிலிருந்து ஒன்றை மட்டும் தனியே பிடுங்கி நட முடியாது என்று லாப்ரடாரின் அதிகாரிகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

5

அந்த வரிசையின் முதல் பொருள், தெய்வம், இன்னும் பாக்கி இருக்கிறது. டோர்ன்கைட் என்றால் ஆவிகள். அங்ககோக் எனப்படும் பூசாரிகளுக்குத் துணையாக நின்ற ஆவிகள் அந்த மலைகளில் வாழ்ந்தன. பாதிரிகள் வந்தபோது சாத்தானுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இந்த ஆவிகளின் தலைவனுடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். தன் தெய்வத்தின் பெயரே வேதத்தில் பிசாசின் பெயராக அச்சாகியிருக்கும் புத்தகத்தை வைத்து எழுத்துக் கற்றவர்கள் ஆப்ரகாமின் மக்கள். மொழிபெயர்ப்பு இதைவிடப் பெரிய வன்முறை எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் மலைகள் தங்கள் பெயரை விடவில்லை.

2005 ஜனவரி 22 அன்று லாப்ரடார் இனுயிட்டுகளின் நில உரிமை ஒப்பந்தம் நெய்னில் கையெழுத்தானது. பல பத்தாண்டுகள் இழுத்த பேச்சுவார்த்தை. நூனாட்சியாவூட் என்று தங்கள் பிரதேசத்துக்குப் பெயரிட்டார்கள், எங்கள் அழகிய நிலம் என்று பொருள். அன்றே, ஹெப்ரான், நூட்டாக் வெளியேற்றத்துக்காக மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தத்தின் பகுதியாக டோர்ன்காட் தேசியப் பூங்காக் காப்பகம் ஆனது. கியூபெக் பக்கத்து இனுயிட்டுகளின் ஒப்பந்தமும் முடிந்து 2008இல் முழுத் தேசியப் பூங்காவானது. அதன் மேலாண்மைக் குழுவில் எல்லோரும் இனுயிட்டுகள். பூங்காவுக்குள் அவர்கள் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், குடில் போடலாம். கனடாவின் பழைய தேசியப் பூங்காக்கள் பலவற்றில் பூர்வகுடிகளை வெளியேற்றிவிட்டே வேலி போட்டார்கள் என்பதை நினைத்தால், இது சின்ன மாற்றமல்ல. நடந்துபோகிற பயணிகளுக்குத் துப்பாக்கி ஏந்திய இனுயிட் கரடிக் காவலர் துணைவர வேண்டும் என்று பூங்கா வற்புறுத்துகிறது. விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பதைக் கரடி தெளிவாக்கிவிடுகிறது.

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட எனக்கு மனமில்லை. உரிமை வந்த வேளையில் கரிபூ போய்க்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஆற்று மந்தை 1990களின் தொடக்கத்தில் ஏழரை லட்சத்துக்கும் மேல், 2010இல் சுமார் 74,000, 2018இல் 5,500. 2013இல் லாப்ரடாரில் வேட்டைக்கு முழுத் தடை வந்தது. மலைகளிலேயே தங்கும் சிறிய டோர்ன்காட் மந்தையை 2014இல் எண்ணியபோது ஆயிரத்துக்கும் குறைவு. கடற்பனி பிந்தி உறைந்து முந்தி உருகுகிறது. பனிவழி தெரிந்த கிழவர்களின் அறிவு அவர்கள் கண்ணெதிரிலேயே பழசாகிறது. வேட்டையாடும் உரிமை என்ற காகிதமும், வேட்டையாட வேண்டிய மிருகமும் எதிரெதிர்த் திசையில் பயணிக்கின்றன. மறுபடியும் எண்ணுவதுதான் நடக்கிறது, இந்த முறை விமானத்திலிருந்து. இம்முறை எண்ணுகிறவர்களோடு இனுயிட்டுகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறுபாடு. அந்த வேறுபாடு போதுமா என்பதைக் கரிபூதான் சொல்ல வேண்டும்.

பூங்காவின் எல்லையில் நிற்கும், லாப்ரடாரின் மிக உயர்ந்த சிகரத்துக்கு, 1,652 மீட்டர், 1981இல் காப்விக் என்று பெயர் வைத்தார்கள். 1772இல் ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற வியாபாரி இங்கிலாந்துக்கு அழைத்துப்போன ஐந்து இனுயிட்டுகளில் ஒருத்தி. ஊர் திரும்பும் முன் அம்மை தாக்கி மற்ற நால்வரும் இறந்தார்கள். காப்விக் ஒருத்தியே பிழைத்துத் திரும்பினாள். நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து ஆப்ரகாமின் குழு புறப்பட்டபோது இந்தக் கதை ஐரோப்பாவில் எழுத்தில் இருந்தது. கார்ட்ரைட்டே தன் நாட்குறிப்பில் எழுதி அச்சிட்டிருந்தார். எழுதப்பட்டிருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு.

2009 ஆகஸ்டில் ஹெப்ரானில் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதில் வெளியேற்றப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அரசாங்கத்தின் மன்னிப்பு இருக்கிறது. அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்ட இனுயிட்டுகளின் பதிலும் இருக்கிறது. கணக்கேடும் அல்ல, நாட்குறிப்பும் அல்ல. பெயர்களுக்கு நேரே தொகை எதுவும் இல்லை. வெளியேற்றப்பட்ட முதியவர்கள் சிலர் அதன்முன் நின்று தங்கள் பெயரைத் தாங்களே வாசித்தார்கள். அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.